குருவிமூக்கைத் தேடி மலையாளத்துக்கு

எங்கள் பக்கத்தில் திருவனந்தபுரம் போவதை "மலையாளத்துக்குப் போறது" என்றுதான் சொல்வோம். கோவில்பட்டியில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இறங்கிவிடலாம். இருந்தாலும் கப்பலேறிப் போகிறவளை அனுப்புவதுபோல என்னை அனுப்பிவைத்தார்கள். போகிறவர்கள் எல்லாம் நேந்திரங்காய் வற்றல் வாங்கி வருவார்கள். நான் போனது மக்காச்சோளம் வாங்க. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தார்.

"நம்ம காடு பூரா மக்காச்சோளமாத்தான் நிக்கி. நீ ரயிலேறிப் போயி மக்காச்சோளம் வாங்கப் போறியாக்கும்?"

அவர் சிரிப்பதில் நியாயம் உண்டு. எங்கள் கரிசலில் பருத்தியும் கம்பும் நின்ற இடமெல்லாம் இப்போது மக்காச்சோளம்தான். ஆனால் அத்தனையும் ஒரே மக்காச்சோளம், கம்பெனிப் பையில் வருகிற மஞ்சள். லாரியில் ஏறிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. விளையவைக்கிற நாங்கள் அதில் ஒரு மணியைக்கூட வாயில் போட்டுப் பார்ப்பதில்லை.

முன்பு கிணற்றுத் தோட்டங்களில் வரப்போரமாக நின்றவை வேறு. குதிரைப்பல் என்று ஒன்று. வெள்ளை வெளேரென்று தட்டை மணி, திரித்தால் மாவு நிறையக் காணும், களிக்கும் தோசைக்கும் அதுதான். முத்துவெள்ளை என்பது உருண்டையான கெட்டி மணி, உடைத்துக் கஞ்சி காய்ச்சுவதற்கு. ஒரே கதிரில் நாலைந்து நிறம் கலந்து வருகிற இன்னொன்றும் இருந்தது. பிஞ்சிலேயே சுட்டுத் தின்றுவிடுவதால் அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. கதிர் நுனியில் தொங்கும் மயிரைத் தண்ணீரில் ஊறப்போட்டு நீர்க்கடுப்புக்குக் குடிப்போம். தட்டை மாட்டுக்கு, மணி உதிர்த்த கட்டை அடுப்புக்கு.

குருவிமூக்கு என்பது பொரிப்பதற்கென்றே உள்ள ரகம். சிவப்பு நிறம், மெல்லிய மணி, ஒவ்வொன்றின் நுனியும் குருவியின் அலகுபோலக் கூர்ந்திருக்கும். எங்கள் வீட்டில் கார்த்திகைக்குப் பொரியுருண்டை பிடிப்பது அதில்தான். சினிமாக் கொட்டகையில் விற்பதுபோல ஊதிப் பெருக்காது. சின்னதாகத்தான் மலரும், ஆனால் கடைசி மணிவரை மலரும். சட்டியின் அடியில் பொரியாத மணி தங்கினால் அது குருவிமூக்கே இல்லை என்பார்கள்.

விதைக் கதிர்களைத் தோலோடு பின்னி அடுப்புக்கு நேர்மேலே கட்டித் தொங்கவிடுவது வழக்கம். புகை பட்டால் வண்டு அண்டாது. வீட்டை இடித்துக் கட்டினோம், காஸ் அடுப்பு வந்தது, சுவருக்கு வெள்ளை அடித்துப் பளபளவென்று வைத்துக்கொண்டோம். படைப்புழு வந்து காட்டையே மேய்ந்த வருஷம் பயந்துபோய் விதைக்காமல் விட்டேன். அடுத்த வருஷம் கதிரை இறக்கியபோது கையில் மாவாகக் கொட்டியது. சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருத்தரிடமும் இல்லை. அப்போதுதான் செல்வராணியின் நினைவு வந்தது.

செல்வராணி எங்கள் எதிர்வீட்டில் இருந்தவள். புருஷன் தங்கராசுக்கு விழிஞ்ஞத்தில் கட்டுமான வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போய்விட்டாள். போகும்போது என் அடுப்படியிலிருந்து ஒரு கொத்துக் குருவிமூக்கு வாங்கிப் போனாள். போன் போட்டுக் கேட்டேன். "இருக்குக்கா, வருசாவருசம் போடுதேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தை மாதத்தில் எங்கள் காட்டு மக்காச்சோளம் எல்லாம் அறுத்து ஓய்ந்திருக்கும். அப்போது கிணற்றடியில் தனியாக விதைத்துவிட வேண்டும். அவளிடம் இருப்பதுதான் மிச்சம், அது போனால் போனதுதான். "மார்கழியில வாரேன், அறுத்துக் காயவச்சிரு. எனக்கு இடுப்புப் பிடிப்பு வேற, பாரம் தூக்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாள் செல்வராணி வேலை முடிந்து வீடு திரும்பச் சாயங்காலம் ஆகும் என்றாள். அதுவரை ஊர் சுற்றினேன். ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தால் முதலில் இளஞ்சிவப்பாக ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரோ என்று தள்ளிவைத்தேன். அதுதான் குடிக்கிற தண்ணீராம், ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். சோறு ஒவ்வொன்றும் கொட்டைகொட்டையாக இருந்தது. நம் வயிறு ஒரு பிடி உள்ளே போனதுமே போதும் என்றது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் அந்தச் சிவப்பரிசியை விட்டுக்கொடுக்கவில்லை. ஓட்டலில்கூட முதலில் அதைத்தான் கொண்டு வருகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் ஐயப்பன் மாலை போட்டவர்கள் கூட்டம். தேங்காய் உடைகிற சத்தம் ஓயவே இல்லை. கடைகளில் பூஜைக்கு நெல்பொரி பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள், அதற்கு இங்கே மலர் என்று பெயர். பொரிக்கு மலர் என்று பெயர் வைத்த ஆள் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அங்கிருந்து சாலைக் கடைத்தெரு பக்கம்தான். பொரிச் சட்டி நினைவோடு தானியக் கடை ஒன்றில் நுழைந்தேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர், மூன்று தலைமுறையாக இங்கேதான் கடையாம்.

"அம்மா, மக்கா ஒண்ணே ஒண்ணுதான் உண்டு, கோழிக்குள்ளது. பின்னே பாக்கெட்ல பாப்கார்ன் உண்டு. அது மதியா, போதுமா?"

"செவப்பா இருக்குமே, நுனி கூரா. அது வருமா?"

"செவப்பா?" என்று யோசித்தார். "செவந்துபோனா அது கெட்டுப்போன சரக்காக்கும். நாங்க எடுக்க மாட்டோம் கேட்டோ."

அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ் எது என்று கேட்டு ஏறினேன். பெயர்ப்பலகை எல்லாம் மலையாளத்தில், நான் கைநாட்டு மாதிரி விழித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, கடல்காற்று வந்தது, கண் அசந்துவிட்டது. எழுப்பியபோது பஸ் விழிஞ்ஞத்தைத் தாண்டிப் பூவாறு என்ற ஊரில் நின்றது. "இந்த அம்மா கடலுக்குள்ளயே இறங்கப்போறாங்க போல" என்று கண்டக்டர் மலையாளத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு மலையாளம் எனக்கும் புரிந்தது. அவரே எதிர்ப் பக்கம் போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

செல்வராணி விழிஞ்ஞம் பஸ் நிறுத்தத்தில் கால் கடுக்க நின்றிருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், பேச்சில் மலையாளம் ஒட்டியிருந்தது. "எந்தாக்கா, இவ்வளவு நேரமா?" என்றாள். பூவாறு போய் வந்த கதையைச் சொன்னதும் ஊரில் சிரிப்பதுபோலவே சிரித்தாள். ராத்திரி கப்பையும் மத்திக் குழம்பும். எங்கள் ஊர் மரவள்ளிக் கிழங்கு என்றால் அவித்து உப்புத் தொட்டுத் தின்பதோடு சரி. இங்கே அதற்கு ஒரு ராஜமரியாதை.

மறுநாள் காலையில் தோட்டத்தைக் காட்டினாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம், வளைகுடாவில் இருக்கிற வீட்டுக்காரர் சும்மா போடாமல் பயிர் வைக்கச் சொல்லியிருக்கிறாராம். எங்கள் கரிசல் கண்ணுக்கு எட்டியவரை ஒரே மட்டமாகக் கிடக்கும். இது தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே ஒரு கைக்குட்டை அளவு. அறுவடை முடிந்து தட்டைகள் காய்ந்து நின்றன. ஒல்லியாக நின்றவை குருவிமூக்கு. அவற்றுக்கு ஒட்டினாற்போலத் தடித்த தட்டைகள் நாலு வரிசை நின்றன.

"இது என்னது?"

"ஸ்வீட்கார்ன்க்கா. கோவளத்துல வண்டி போட்டிருக்கேன்ல, அதுக்கு. போன வருசத்துல இருந்து போடுதோம். வெளிய வாங்கினா கட்டுபடியாகல."

பிழைக்கத் தெரிந்தவள் என்று முதுகில் தட்டிக்கொடுத்தேன். அப்படித் தட்டிக்கொடுத்த கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே கையை விட்டேன். குருவிமூக்கு! அதே சிவப்பு, அதே வழவழப்பு. வேப்பிலையும் சாம்பலும் போட்டுப் பக்குவமாக வைத்திருந்தாள். ஒரு சொத்தை கிடையாது, ஒரு தூசி கிடையாது.

"சுருங்கிப்போன மணி கொஞ்சம் இருந்துச்சுக்கா. சரியா பால் பிடிக்கல போல. எல்லாத்தையும் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுட்டேன்."

"நல்லா கொழுத்திருக்குடி. ஊர்ல இவ்வளவு திரட்சியா வந்ததே இல்ல."

"மலையாளத்து மழைல்லா" என்று பெருமையாகச் சொன்னாள். நானும் நம்பினேன். மணி கொழுத்ததைப் பார்த்துச் சந்தோஷப்படாத சம்சாரி உண்டா?

அன்று பகல் முழுக்கக் கோவளத்தில் அவள் வண்டியடியில் உட்கார்ந்திருந்தேன். அவித்த கதிரில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருகிறாள். எனக்கும் ஒன்று தந்தாள். பாயசத்தில் ஊறப்போட்டதுபோல ஒரே தித்திப்பு. வட இந்தியக் குடும்பம் ஒன்று வந்தது, கதிரின் தோலை விலக்கி விலக்கிப் பார்த்து, மஞ்சள் வெளிறியதையெல்லாம் ஒதுக்கியது. "மஞ்சளா, பெரிசா, இனிப்பா இருக்கணும்க்கா. வேற எதக் குடுத்தாலும் தொட மாட்டாங்க" என்றாள் செல்வராணி.

பக்கத்து ஓட்டலில் வேலை பார்க்கும் மிசோரம்காரர் ஒருவர் தினமும் வருவாராம். அவருக்கும் செல்வராணிக்கும் பொதுவான பாஷை உடைந்த மலையாளம். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் மலையில் பசைபோல ஒட்டும் மக்காச்சோளம் உண்டாம். அவித்தால் பல்லில் ஒட்டிக்கொண்டு வராதாம், அதற்காகவே தின்பார்களாம். செல்வராணி சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது இது: "இதெல்லாம் மக்காச்சோள வேஷம் போட்ட கரும்பு. இருந்தும் தினம் வாங்குறேன். கையில பிடிச்சிருந்தா வீட்டு நெனப்பு வருது." பாதி தின்று மீதியை மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார். உங்கள் ஊரில் அது இன்னும் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் ரயில். கிளம்புமுன் செய்ய வேண்டிய சடங்கு ஒன்று உண்டு. எங்கள் ஊரில் குருவிமூக்கு விதை கொடுக்கிறவர், கொடுக்கிற விதையிலேயே ஒரு கை அள்ளித் தன் அடுப்பில் பொரிக்க வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து தின்ற பிறகுதான் விதை வாசல்படி தாண்டும். அதை ஒரு மரியாதை என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். செல்வராணி மறக்கவில்லை. என்னிடம் வாங்கிப்போன அன்று என் வீட்டில் தின்றவள்தானே. மண்சட்டியை அடுப்பில் வைத்து, பையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டு, மூடினாள்.

டப் என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்தாற்போல. அப்புறம் சத்தமில்லை. மூடியைத் திறந்தால் வெள்ளைக்கு நடுவே சரிபாதி மணிகள் கருகிக் கிடந்தன.

"சூடு பத்தல" என்று தீயைக் கூட்டி இன்னொரு கை போட்டாள். அதேதான். "ஈரம் இருக்கும்" என்று மூன்றாவது கையை முறத்தில் பரப்பி, காலை வெயிலில் வைத்து எடுத்துப் போட்டாள். அதேதான். மெலிந்து கூர்மையாக இருந்த மணிகளை மட்டும் நான் பொறுக்கிக் கொடுத்தேன். அவற்றிலும் சில பொரிந்தன, சில கருகின. கொழுத்ததிலும் சில பொரிந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். பின்வாசல் வழியாகத் தட்டைகள் தெரிந்தன.

"ராணி, ரெண்டையும் எப்ப விதைச்ச?"

"ஓணம் கழிஞ்சு, ஒரே மழைக்குத்தான்."

"போன வருசமும்?"

"போன வருசமும்" என்றவள் பாதியில் நிறுத்தினாள். அவளும் காட்டில் பிறந்தவள்தான். ஒரே சமயத்தில் பூத்தால் ஸ்வீட்கார்னின் பூந்தூள் காற்றில் வந்து குருவிமூக்கின் கதிரில் இறங்கும் என்று அவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மேல்தோலின் சிவப்பு அப்படியே இருக்கும், உள்ளே ஆள் மாறியிருக்கும். மணி கொழுத்தது மழையால் இல்லை. சுருங்கிப்போனவை பால் பிடிக்காதவையும் இல்லை. ஸ்வீட்கார்ன் காய்ந்தால் அப்படித்தான் சுருங்கும். முகத்தைக் காட்டிக்கொடுத்த மணிகளை எல்லாம் அவள் பொறுக்கிக் கோழிக்குப் போட்டு, பையைச் சுத்தமாக்கியிருக்கிறாள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தங்கராசு, "எடம் அவ்வளவுதான் இருந்துச்சுக்கா, தள்ளிப்போட வழியில்ல" என்றார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. எல்லாக் கதிரும் ஒரே அளவு கெட்டிருக்காது. ஒவ்வொரு கதிரிலிருந்தும் சில மணியை எடுத்துப் பொரித்துப் பார்த்தால், முழுக்கப் பொரிகிற கதிர் ஒன்றிரண்டாவது அகப்படும். மீதி மணி கதிரிலேயே இருக்கும், அதை விதைக்கலாம்.

"கதிர் எங்க? உதிர்க்காத கதிர் இருக்குமே, ஒண்ணு ரெண்டாவது?"

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்கதானக்கா பாரம் தூக்க முடியாதுன்னீங்க. கட்டையோட எப்படிச் சுமப்பீங்கன்னு நாலு நாளா உக்காந்து எல்லாத்தையும் உதிர்த்துட்டேன். கட்டைய எரிச்சுட்டேன். அந்தச் சாம்பல்தான் பையில இருக்கது."

பெருவிரலைக் காட்டினாள். நகக்கண்ணில் தோல் உரிந்திருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இடுப்பு வலியைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். கதிரோடு ஒரு மூட்டையாக இருந்திருந்தாலும் தலையில் வைத்துக் கோவில்பட்டிவரை நடந்தே போயிருப்பேன்.

செல்வராணி மூக்கை உறிஞ்சிவிட்டுப் பையை என் பக்கம் நகர்த்தினாள்.

"பாதி நல்லதுதானக்கா? அந்தப் பாதிய மட்டும் எடுத்துக்கிடுங்க."

பையை விரித்தேன். எல்லாம் ஒரே சிவப்பு. எது அந்தப் பாதி என்று தீக்கு மட்டும்தான் தெரியும். நல்லது என்று தீ சொன்னதை யார் விதைக்க முடியும்? இருந்தாலும் பையின் வாயைக் கட்டி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அதை அவள் வீட்டில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் இல்லை.

கருகியதை ஒதுக்கிவிட்டு, பொரிந்ததை மட்டும் ஒரு கிண்ணத்தில் அள்ளி நடுவே வைத்தாள். வழக்கப்படி இரண்டு பேரும் தின்ன வேண்டும். எடுத்து வாயில் போட்டேன். அதே மொறுமொறுப்பு, அதே ருசி, கொஞ்சமும் மாறவில்லை. உலகத்தில் மிச்சமிருந்த அசல் குருவிமூக்கில் இது அசல் என்று நிச்சயமாகத் தெரிந்தவை அந்தக் கிண்ணத்தில் இருந்தவைதான். ஒன்று மிச்சமில்லாமல் தின்று முடித்தோம்.